கறுத்த பழத்தில்தான் எண்ணெய்

பிஸ்தாவுக்குக் காட்டில் ஓர் உறவு உண்டு. பெயர் லென்டிஸ்க். மாவும் முந்திரியும் அடங்கிய அதே குடும்பம். துனிசியா, அல்ஜீரியா, சார்டினியா என்று மத்தியதரைக் கடலைச் சுற்றிய குன்றுகளில் யாரும் நடாமலே புதராக மண்டி, ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கிறது. கிரேக்கத்தின் கியோஸ் தீவில் இதன் ஒரு வகையின் பட்டையைக் கீறி மாஸ்டிக் பிசின் எடுக்கிறார்கள். வெளியுலகம் அறிந்தது அதைத்தான். என்னை அதைவிட ஈர்ப்பது மிளகளவே உள்ள இதன் பழம்.

வெளிறிய காய் கோடையில் சிவக்கும், பனிக்காலம் நெருங்கும்போது கறுக்கும். ஒரே கொத்தில் இரண்டு நிறமும் கலந்திருக்கும். எண்ணெய் எடுப்பவர்கள் கறுப்பைப் பார்த்துப் பறிப்பார்கள். நசுக்கி, நீரில் கொதிக்கவைத்து, மேலே மிதப்பதை வழித்தெடுப்பது பழைய முறை. சமையலுக்கும் விளக்குக்கும் புண்ணுக்கும் அது உதவியது.

கறுப்பைத் தேடுவதில் நல்ல நியாயம் இருக்கிறது. துனிசியக் காட்டுச் செடிகளை ஆராய்ந்தபோது, பிஞ்சில் எண்ணெய் சுமார் 2 சதவீதமே இருந்தது. முற்றிக் கறுத்த பழத்தில் 40 சதவீதத்தைத் தாண்டியது. அளவு மட்டுமல்ல, எண்ணெயின் சேர்மானமும் மாறியிருந்தது. பிஞ்சில் லினோலிக், லினோலெனிக் என்னும் கொழுப்பு அமிலங்கள் ஓங்கியிருக்கும். பழுத்ததில் ஏறக்குறையப் பாதி ஒலிக் அமிலம். ஆலிவ் எண்ணெயிலும் முதன்மையானது அதுதான்.

ஒரு கொழுப்பு இன்னொன்றாக உருமாறிவிட்டது என்று இதை எண்ணிவிடக் கூடாது. பிஞ்சில் இருக்கும் சொற்பக் கொழுப்பு பெரும்பாலும் செல்களின் சவ்வுகளுக்கு உரியது. ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சையச் சவ்வுகளுக்கு லினோலெனிக் அமிலம் நிறைய வேண்டும். காய் முற்றும்போது செடி சேமிப்புக் கொழுப்பைச் சேர்க்கத் தொடங்குகிறது. அதில் ஒலிக் அமிலமே மிகுதி. புதியது குவியக் குவிய, பழையதன் பங்கு சுருங்கிவிடுகிறது.

சிவப்பிலேயே நின்றுவிடும் பழங்களில் பெரும்பாலானவற்றின் விதைக்குள் பருப்பே இருக்காது. கறுத்தவற்றில்தான் முளைக்கும் விதை உண்டு. விதையைப் பரப்பும் பறவைகளும் கறுப்பையே கொத்துகின்றன. கைக்கு எட்டியதையெல்லாம் உருவிக் கூடையில் போட்டால், நாள் முழுக்கப் பறித்தாலும் எண்ணெய் குறைவாகவே தேறும்.

நன்றாகப் பழுத்ததிலிருந்து எடுத்தாலும் பால்மிட்டிக் அமிலம் கால்பங்கு அளவுக்கு இருக்கும். அதனால் குளிரில் எண்ணெயின் ஒரு பகுதி வெண்மையாக உறைந்து அடியில் படியும். கெட்டுவிட்டது என்று அதைக் கொட்டிவிட வேண்டாம். இளஞ்சூட்டில் வைத்தால் மீண்டும் கரைந்துவிடும்.