பாட்டி வீட்டுக் கதவும் ஆப்ப சோடாவும்

மயிலாப்பூரில் பழைய வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். வாசலில் பர்மா தேக்குக் கதவு. ஆனால் தேக்கு என்று யாராவது சொன்னால்தான் தெரியும்! பண்டிகைக்குப் பண்டிகை பூசிய பச்சையும் நீலமும் காப்பிப் பொடி வர்ணமும் அப்பிக் கொண்டு, நிலையில் செதுக்கியிருந்த தாமரை வெறும் உருண்டையாகி விட்டது.

"மணலை அடித்து ஒரே நாளில் புதிசாக்கித் தருகிறேன் என்கிறார் காண்டிராக்டர். சரியென்று சொல்லி விடட்டுமா?" என்று கேட்டார் அந்த வீட்டு மாமி.

"கொஞ்சம் பொறுங்கள், மாமி!" என்றேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதவு இருக்கலாம் அல்லவா? அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லி விடுகிறேன்.

அழுத்திய காற்றோடு மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் முறைக்கு 1870-ல் உரிமை பெற்றவர் பெஞ்சமின் டில்க்மன் என்ற அமெரிக்கர். இரும்பில் ஏறிய துருவுக்கு அது பிரமாதமான வைத்தியம். மரம் இரும்பாகுமா? மரத்தில் மெத்தென்ற பாகம் முதலில் பறந்து விடும். கடினமான ரேகை மட்டும் நிற்கும். கதவு கோரைப் பாய் போல வரி வரியாகி விடும். செங்கல்லோ, சூளையில் வெந்து இறுகிய மேல் தோலை இழந்து, ஐப்பசி மழையை மடக் மடக்கென்று குடிக்கும்.

கருங்கல்லும் தப்பவில்லை. கும்பாபிஷேகத்துக்காக மணல் வீசிய கோயில்களில் சிற்பங்களின் நுணுக்கமும் கல்வெட்டு எழுத்துக்களும் மழுங்கின. அதனால்தான் நம் அறநிலையத் துறை அந்த முறைக்கே தடை போட்டது.

அப்படியானால் வழியே கிடையாதா? உண்டு. வீசும் தூள் மென்மையாக இருக்க வேண்டும்; காற்றின் வேகமும் குறைய வேண்டும். வைரத்தின் கடினத்தை 10 என்று வைத்துக் கொண்டால் மணலுக்கு 7. சுண்ணாம்புக் கல் தூளுக்கு 3. நம் சமையலறை ஆப்ப சோடாவுக்குச் சுமார் இரண்டரைதான்!

ஆப்ப சோடாவா என்று சிரிக்காதீர்கள். நியூயார்க்கிலுள்ள சுதந்திர தேவி சிலையை 1986-ல் முடிந்த திருப்பணியில் சுத்தம் செய்தபோது, உட்புறச் செப்புத் தகட்டில் ஒட்டியிருந்த தாரை அகற்றியது அந்தச் சோடாதான். செம்பில் கீறல் விழவில்லை.

ஆனாலும் ஜாக்கிரதை வேண்டும். சோடா காரமுள்ளது, சில மரங்களைக் கறுக்கச் செய்து விடும். ஆகவே கண்ணில் படாத மூலையில் உள்ளங்கை அகலம் சோதித்துப் பார்த்த பிறகே மேலே போக வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளுக்கு விஷம். வேலை முடிந்து, ஈரத் துணியால் துடைத்துச் சுத்தமாகும் வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டுக்கு அனுப்பி விடுங்கள். வேலை செய்கிறவருக்கும் தகுந்த முகமூடி அவசியம். மணல் தூசியோ நுரையீரலையே அரித்து விடும். மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, மெருகேற்றிய மரம் இவற்றுக்கு எந்த வீச்சும் வேண்டாம். மெத்தென்ற பிரஷ்ஷும் பொறுமையும் போதும்.

மாமி காண்டிராக்டரை அனுப்பி விட்டு, விஷயம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார். கதவின் பின்புறம் சோதனை. பிறகு சுண்ணாம்புக் கல் தூள், மெல்லிய காற்று. ஒரு நாளில் முடிகிற வேலை ஒரு வாரம் ஆயிற்று, செலவும் கூடத்தான்.

மறுபடி போனபோது மாமி என் கையைப் பிடித்துத் தாமரையின் மேல் வைத்தார். ஒவ்வோர் இதழிலும் ஆசாரியின் உளி பட்ட தடம் விரலுக்குத் தட்டுப்பட்டது.

"மணலை அடித்திருந்தால் வர்ணத்தோடு இதுவும் போயிருக்குமே!" என்றார் மாமி.

உங்கள் வீட்டுக் கதவைத் தொடுவதற்கு முன், அவர் சொன்னதை ஒரு தடவை நினைத்துக் கொள்ளுங்கள்.