பேரேடு தெரிந்தால் போதும்!
பெங்களூரில் பிறந்த 'டாலி'யின் கதை

பெங்களூர் சிக்பேட்டை ஜவுளிக் கடையானாலும் சரி, பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள சிறு பட்டறையானாலும் சரி, கணக்கு எழுத ஆள் தேவை என்றால் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "டாலி தெரியுமா?"

தெரியும் என்று சொல்லி வேலையில் அமர்ந்த தமிழ் இளைஞர்கள் பலர். அந்த டாலி பிறந்ததும் இதே பெங்களூரில்தான் என்பதும், ஒரு தந்தைக்கு ஏற்பட்ட கணக்குத் தொல்லையே அதற்குக் காரணம் என்பதும் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தந்தையும் மகனும்

ஷியாம் சுந்தர் கோயங்கா, ஆலைகளுக்கும் ஜவுளி மில்களுக்கும் மூலப்பொருள்களும் இயந்திர பாகங்களும் வழங்கி வந்தவர். தம் வியாபாரக் கணக்கைக் கவனிக்கத் தகுந்த கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றைத் தேடினார், கிடைக்கவில்லை. கணிதப் பட்டதாரியான மகன் பரத் கோயங்காவிடம், "நீயே எழுது" என்று பொறுப்பை ஒப்படைத்தார். 1986ல் தந்தையும் மகனும் பியூட்ரானிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். 1999ல் அது டாலி சொல்யூஷன்ஸ் ஆயிற்று.

எண்ணா, பெயரா?

அந்நாளைய கணக்கு புரோகிராம்கள் பலவற்றில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. முருகன் ஸ்டோர்ஸுக்கு 1042 என்று வைத்துக் கொள்வோம். குமாஸ்தா அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அல்லது பட்டியலைப் புரட்ட வேண்டும். ஓர் எண் தவறினால் ஒருவர் பற்று இன்னொருவர் தலையில் ஏறிவிடும்.

கோயங்காக்கள் இந்த எண்களைத் தூக்கி எறிந்தனர். பேரேட்டில் எழுதுவது போலவே பெயரை எழுதினால் போதும். முதல் சில எழுத்துகளை அடித்தாலே பெயர் வந்து நிற்கும். புதிய வாடிக்கையாளர் வந்தால், சிட்டை எழுதும்போதே இடையில் அவருக்கு ஒரு கணக்கு திறந்து விடலாம்.

பணம் கொடுத்தால் எஃப்-5, வந்தால் எஃப்-6, விற்பனைக்கு எஃப்-8, கொள்முதலுக்கு எஃப்-9. பல பதிப்புகள் மாறியும் இந்தச் சாவிகள் மாறவில்லை. பழகிய விரலுக்குக் கண் தேவையில்லை.

சிட்டையை ஒருமுறை பதிந்தால் பேரேடு, இருப்பாய்வு, லாப நஷ்டம், ஐந்தொகை யாவும் அக்கணமே திருந்திவிடும். ஐந்தொகையில் ஒரு தொகை சந்தேகமாக இருந்தால், அதன் மீது 'என்டர்' தட்டிக் கொண்டே இறங்கலாம். கடைசியில் மூலச் சிட்டையே கண்முன் நிற்கும். மார்ச் மாதக் கடைசியில் இரவெல்லாம் கண்விழித்துக் கூட்டிக் கழித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அச்சம் என்ன ஆயிற்று?

கம்ப்யூட்டர் வந்தால் குமாஸ்தாக்களின் பிழைப்பு போய்விடும் என்று தொழிற்சங்கங்கள் போராடிய காலம் அது. அந்த அச்சம் முற்றிலும் வீண் என்று சொல்ல முடியாது. கூட்டலும் நகலெடுப்பும் மட்டுமே தெரிந்தவர்களின் வேலை மெல்லக் குறையத்தான் செய்தது. ஆனால் பற்று வரவின் பொருள் அறிந்தவரை இந்த புரோகிராம் ஒதுக்கவில்லை. அவர் அறிந்த கணக்கு மொழியிலேயே அவரிடம் பேசியது. 2006ல் வெளிவந்த 'டாலி 9' பதிப்பு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் கணக்கு எழுத வழி செய்தது.

எளிமைக்கும் ஒரு கடிவாளம்

எளிமையில் ஓர் ஆபத்தும் உண்டு. எழுதுவது எளிது என்றால் திருத்துவதும் எளிது. பேனாவால் அடித்து எழுதினால் சுவடு தெரியும். திரையில் அழித்தால் தெரியாது. எனவேதான், யார் எப்போது எதைத் திருத்தினார் என்பதைக் காட்டும் பதிவேடு உள்ள மென்பொருளையே கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. டாலியும் அதற்கேற்ப மாறிக் கொண்டது.

பரத் கோயங்காவுக்கு 2020ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 'எளிமையின் ஆற்றல்' என்பதே அவரது நிறுவனம் தாங்கிய வாசகம்.

மனிதன் இயந்திரத்தின் பாஷையைக் கற்கத் தேவையில்லை, இயந்திரம் மனிதனின் பாஷையைக் கற்கட்டும் என்பதே இதன் சாரம். வேலை தேடிப் பெங்களூர் ரயிலேறும் இளைஞர் நெஞ்சில் நிறுத்த வேண்டியது ஒன்று: சாவிகளைச் சில வாரங்களில் கற்றுவிடலாம், கணக்கைக் கற்றவருக்கே அந்தச் சாவிகள் கதவைத் திறக்கும்.