முதுமையும் நரம்பின் மீட்சியும்

முதியோர் ஒருவர் கால் மரக்கின்றது என்றோ, நடக்கையிற் பாதம் தளர்கின்றது என்றோ கூறுவாராயின், அதனை வயதின் கோலம் என்று தள்ளிவிடுதல் உலக வழக்கு. இவ்வழக்கு எத்துணைப் பொருத்தமுடையது என்பதை நரம்பின் இயல்பு கொண்டு ஆராய்தல் தகும்.

முள்ளந்தண்டின் குழாயினுள்ளே அமைந்த முண்ணாண், வளர்ந்தோரில், முதலாம் இரண்டாம் நாரி முள்ளென்புகளின் அளவில் முடிவுறும். அதற்குக் கீழே நரம்பு வேர்களே கற்றையாய்ச் செல்கின்றன. முள்ளென்புகளுக்கு இடையேயுள்ள தட்டுப் பிதுங்கி இவ்வேர்களை அழுத்துதலாற் கால்நோவு உண்டாகும் என்பதை, 1934 ஆம் ஆண்டில் மிக்ஸ்ரர், பார் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் இருவர் எடுத்துக்காட்டினர். முதுமையில் என்பும் இணையமும் தடித்துக் குழாய் ஒடுங்குதலும் இவ்வழுத்தத்தை விளைக்கும்.

அழுத்தத்தால் வரும் கேடு இருவகைத்து. நரம்பிழையைப் போர்த்திருக்கும் மயலின் உறை மாத்திரம் சிதைந்ததாயின், அழுத்தம் நீங்கியபின் சில கிழமைகளிலோ மாதங்களிலோ செயல் மீளும். இழையே அறுபடின், துண்டுபட்ட அதன் நுனிப்பகுதி அழிந்துபோம். இவ்வழிவினை 1850 இல் வாலர் என்னும் ஆங்கில அறிஞர் தவளையின் நாக்கு நரம்புகளிற் கண்டு விளக்கினார். எஞ்சிய அடியிலிருந்து புதிய இழை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் வீதம் வளரும். நாரியிலிருந்து பாதம் வரை 1 மீற்றர் எனக் கொள்ளின், அதனைக் கடக்க 1000 நாட்கள் வேண்டும். நரம்பிழந்த தசையோ அத்துணைக் காலம் காத்திராது மெலிந்து நாராகும். முண்ணாணினுள்ளே அறுந்த இழைகளுக்கு இத்தகைய வளர்ச்சிதானும் வாய்ப்பதில்லை.

இம்மெதுவான வளர்ச்சியை முதுமை மேலும் தாழ்த்துகின்றது. அதன் காரணத்தை 2014 இல் வெளியான சுண்டெலி ஆய்வொன்று புலப்படுத்திற்று. முதிய எலிகளின் நரம்புக் கலங்கள் இழைவிடும் ஆற்றலை இழந்தில. ஆயின், அழிந்த இழையின் சிதைவுகளை அகற்றிப் புதிய இழைக்கு வழிசெய்யும் சுவான் கலங்கள் தம் தொழிலிற் பிந்தின. இளைய எலியின் நரம்புத் துண்டை முதிய எலியிற் பொருத்தியபோது இழைகள் நன்கு வளர்ந்தன. முதிய துண்டை இளைய எலியிற் பொருத்தியபோது வளர்ச்சி குன்றிற்று. வித்துப் பழுதன்று, நிலத்தைத் திருத்துவோரே தாமதித்தனர் என்க.

இதனாற் பெறப்படுவது யாது? முதியோரின் நரம்பு மீளாது என்பது தவறு. மெல்ல மீளும் என்பதே உண்மை. மெல்ல மீள்வதற்குக் காலம் மிகுதியும் வேண்டுமாதலின், இளையோரினும் முதியோர்க்கே விரைந்த மருத்துவம் இன்றியமையாதது. கால் தளர்தலோடு, இருக்கையிற் படும் உடற்பகுதி மரத்துச் சிறுநீரும் தடைப்படுமாயின், அன்றைக்கே மருத்துவமனையை அடைதல் வேண்டும். வயதை மாற்றுதல் எவர்க்கும் இயலாது. தாமதத்தைத் தவிர்த்தல் இயலும்.