வீட்டுக்குள் பசுமை – 6: மல்லாட்டைப் புண்ணாக்கும் மண்பானை எருவும்

வீட்டுக்குள் வளரும் செடிக்கு உரம் மிகக் குறைவாகவே தேவைப்படுகிறது. செடி தன் உணவை வெளிச்சத்தைக் கொண்டு ஆக்கிக்கொள்கிறது. உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வெளிச்சம் விழும். அதே நேரத்தில் வீட்டுக் கூடத்தின் நடுவில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். வெளிச்சம் குறைந்தால் வளர்ச்சி குறையும். வளர்ச்சி குறைந்தால் வேர் எடுத்துக்கொள்ளும் சத்தும் குறையும். எடுக்கப்படாத சத்து தொட்டி மண்ணிலேயே உப்பாகத் தங்கி, வேர் நீரை உறிஞ்ச முடியாதபடி தடுக்கும். இலை நுனி காய்ந்து பழுப்பேறும். அதைச் சத்துக் குறைவு என்று எண்ணி இன்னும் ஒரு பிடி உரம் போடுவார்கள். மணி பிளாண்டும் பாம்புக் கற்றாழையும் பல வீடுகளில் இப்படித்தான் வீணாகின்றன.

வயலில் பாதி மக்கிய எருவைக் கொட்டினாலும் தப்பில்லை. மழையும் வெயிலும் மண்ணின் ஆழமும் மீதி வேலையை முடித்துவிடும். ஆறு அங்குலத் தொட்டியில் இருப்பதோ ஏறக்குறைய இரண்டு லிட்டர் மண். அதில் பச்சைச் சாணமோ காய்கறித் தோலோ போட்டால், மக்கும்போது எழும் வெப்பமும் அம்மோனியாவும் நேராக வேரைத் தாக்கும். நாற்றமும் சிறு ஈக்களும் வீட்டாரைத் தாக்கும். ஆகவே வீட்டுச் செடிக்கான உரத்தில் முதலில் பார்க்க வேண்டியது முதிர்ச்சி. சத்தின் அளவு அதற்கு அடுத்தது.

விருத்தாசலத்தை ஒட்டிய எங்கள் கம்மாபுரம் வட்டாரத்தில் இப்படி முதிர்ந்த உரத்துக்கான மூலப்பொருள் எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. இங்கே மல்லாட்டை என்னும் நிலக்கடலை, நெல், கரும்பு, முந்திரி எல்லாம் விளைகின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற பெயரில் நிலக்கடலை ரகங்களையும் முந்திரி ரகங்களையும் வெளியிட்டுவருகிறது. செக்குகளில் புண்ணாக்கு கிடைக்கும். மல்லாட்டை உடைக்கும் இடங்களில் ஓடு குவிந்து கிடக்கும். மாடு கட்டும் வீடுகளில் எருக்குழி இருக்கும். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணோடு கிடைக்கும் களிமண்ணும், விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் இந்த வட்டாரத்தைத் தொட்டிக்கும் பெயர் பெற்ற இடமாக்கியிருக்கின்றன. செடிக்கு வேண்டிய உரமும் அதைத் தாங்கும் பாண்டமும் ஒரே வட்டாரத்தில் கிடைப்பது எல்லா ஊருக்கும் வாய்க்காது.

ரசாயன உரமும் இந்த மண்ணுக்குப் புதிதன்று. நெய்வேலியில் நிலக்கரியைக் கொண்டு யூரியா தயாரிக்கும் ஆலை 1966இல் இயங்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஓடியது. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் யூரியாவில் 2.3 கிராம் தழைச்சத்து இருக்கிறது. ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பவருக்கு அது கணக்கிலேயே வராத அளவு. இரண்டு லிட்டர் மண்ணுக்கு அது பேரளவு. அளவு தவறினாலும் செடியைக் கொல்லாத உரம்தான் வீட்டுக்கு ஏற்றது. நன்கு மக்கிய எரு அப்படிப்பட்டது.

மக்குதல் என்பது நுண்ணுயிர்களின் வேலை. அவற்றுக்குக் கரிமமும் தழைச்சத்தும் தக்க விகிதத்தில் வேண்டும். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் இருந்தால் வேலை விரைவாக நடக்கும். காய்கறிக் கழிவில் தழைச்சத்து மிகுதி. சருகு, வைக்கோல், ஓடு ஆகியவற்றில் கரிமம் மிகுதி. இரண்டையும் கலந்து, காற்றும் ஈரமும் கொடுப்பதுதான் முழு நுட்பமும். ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் இருந்தபோது இந்திய உழவர்களின் பழக்கங்களைக் கூர்ந்து பார்த்து, இதையே ஒழுங்கான முறையாக வகுத்தார். யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் 1931இல் வெளிவந்தது. உலகம் இன்று 'இந்தூர் முறை' என்று அழைப்பது நம் எருக்குழியின் திருத்திய வடிவம்தான்.

அதை வீட்டளவுக்குச் சுருக்க மூன்று மண்பானைகள் போதும். ஒவ்வொன்றும் 15 முதல் 20 லிட்டர் கொள்ளட்டும். பக்கவாட்டில் சுற்றிலும் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் வேண்டும். சூளையில் வைக்கும் முன்பே குயவரிடம் சொல்லித் துளையிடச் செய்வது நல்லது. சுட்ட பானையில் துளையிட முயன்றால் விரிசல் விடக்கூடும். இதற்கு மெருகிட்ட பீங்கான் பாண்டம் உதவாது. சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறும், காற்று உள்ளே வரும். மெருகு அந்த வழியை அடைத்துவிடுகிறது.

பானையின் அடியில் இரண்டு அங்குல உயரத்துக்கு நொறுக்கிய மல்லாட்டை ஓடு அல்லது சருகு. அதன் மேல் அன்றாடம் சேரும் காய்கறித் தோல், கீரைத் தண்டு, பழத்தோல், பூச்சரம் ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக்கி, நீரை வடித்துவிட்டுப் போட வேண்டும். கொள்ளளவில் ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு உலர்பொருள் என்பது கணக்கு. தொடங்கும் நாளில் ஒரு பிடி பழைய எருவையோ சாணக் கரைசலையோ தெளித்தால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். புளித்த மோரும் இதற்கு உதவும். சோறு, குழம்பு, எண்ணெய், இறைச்சி, மீன் இவை சேரக் கூடாது. வயலில் ஒரு மீட்டர் உயரக் குவியல் உள்ளே 60 டிகிரி வரை சூடேறிக் கிருமிகளையும் களை விதைகளையும் அழித்துவிடும். பானையில் அந்தச் சூடு எழாது. அதனால் நோய் விழுந்த இலைகளுக்கும் பானையில் இடமில்லை.

உலர்பொருளைத் தேர்வதில் இந்த வட்டாரத்துக்கென்று ஒரு கவனம் வேண்டும். வைக்கோலும் மல்லாட்டைக் கொடியும் மாட்டுக்குத் தீவனம். அவற்றை உரத்துக்குக் கேட்பது முறையன்று. கரும்புச் சோகை மக்க நெடுநாள் பிடிக்கும். முந்திரிச் சருகு தோல்போலத் தடிப்பானது. ஓரிரு நாள் நீரில் ஊறவைத்துக் கிழித்துப் போட்டால்தான் மசியும். மல்லாட்டை ஓடும் மெல்லத்தான் மக்கும், ஆனால் அதில் ஒரு நன்மை உண்டு: கடைசி வரை பானைக்குள் காற்றுக்கு வழி விட்டுக்கொண்டிருக்கும். மக்காமல் எஞ்சும் ஓட்டைச் சலித்தெடுத்து அடுத்த பானைக்கு அடிப்படுக்கையாக வைக்கலாம். தென்னை நார்க்கழிவில் கரிமமும் தழைச்சத்தும் 112க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. சிப்பிக்காளான் வித்தைக் கொண்டு அதை மக்கவைத்து, 24க்கு 1 என்ற அளவுக்கு இறக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்திருக்கிறது. வீட்டில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஈரத்தை உறிஞ்ச ஒரு கைப்பிடி நார்க்கழிவு போதும்.

வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் உலர்பொருளைக் கூட்ட வேண்டும். எறும்பு ஏறினால் பானை காய்ந்திருக்கிறது என்று பொருள். அழுகல் நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை. வெளிர்நிறத் தடித்த புழுக்கள் தென்பட்டால் அருவருப்பு வரலாம். அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள், கழிவைத் தின்று வேலையை விரைவுபடுத்துபவை. ஈரத்தைக் குறைத்தால் அவை தாமே போய்விடும்.

முதல் பானை நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்க வேண்டும், பிறகு மூன்றாவது. நிறைந்த பானை முதிர இரண்டு முதல் மூன்று மாதம் பிடிக்கும். நாளுக்கு அரை கிலோ கழிவு சேரும் வீட்டில் மாதம் 15 கிலோ சேரும். பெரும்பகுதி நீர் என்பதால், தோராயமாக மூன்று கிலோ எரு தேறும். பத்துத் தொட்டிகளுக்கு மாதம் அரை கிலோ எருவே போதுமானது. மீதி கொல்லைக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் போகலாம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு வீட்டுச் செடிக்கென்று பொட்டலம் பொட்டலமாக உரம் வாங்குவதற்கு நியாயமே இல்லை.

எரு முதிர்ந்ததா என்று அறிய இரண்டு சோதனைகள் உண்டு. ஈரமான எருவை ஒரு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்தால் மழை பெய்த மண்ணின் வாசனை வர வேண்டும்; புளிப்பு நாற்றம் வந்தால் இன்னும் காலம் தேவை. இன்னொன்று, சிறு கிண்ணத்தில் எருவையும் மண்ணையும் சரிபாதியாகக் கலந்து பத்துப் பச்சைப்பயறு விதைப்பது. ஏழெட்டு முளைத்து வேர் வெண்மையாக இருந்தால் எரு தயார். வேர் கருகியோ குட்டையாகவோ இருந்தால், அந்த எரு செடியின் வேரையும் அப்படியே செய்யும்.

மண்புழு எரு இன்னும் மென்மையானது. தழைச்சத்து ஏறக்குறைய 1.5 முதல் 2.5 விழுக்காடு, நொறுங்கிய குருணை வடிவம், நாற்றமே கிடையாது. சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய மண்ணுயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுக்களை நாடாமல் நம் மண்ணின் புழுக்களைக் கொண்டே எரு தயாரிக்கலாம் என்று செய்து காட்டியவர். பாதி மக்கிய பானைக் கழிவை நிழலில் உள்ள தொட்டிக்கு மாற்றிப் புழுக்களை விட்டால் வேலை தொடங்கிவிடும். கோடைதான் இங்கே தடை. புழுக்கள் 20 முதல் 30 டிகிரி வெப்பத்தில் நலமாக இருக்கும். அக்னி நட்சத்திர நாள்களில் இந்த வட்டாரத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, நனைத்த சாக்கால் மூடி, காற்றோட்டமான இடத்தில் வைக்காவிட்டால் அவை மாண்டுவிடும்.

செடி வேகமாகத் தளிர்விடும் காலத்தில் மட்டும் நீர்ம உரம் கொடுக்கலாம். அதற்கு மல்லாட்டைப் புண்ணாக்கு தக்கது. அதில் தழைச்சத்து ஏறக்குறைய 7 விழுக்காடு, மணிச்சத்து 1.5, சாம்பல் சத்து 1.3. வேப்பம் புண்ணாக்கில் தழைச்சத்து 5 விழுக்காட்டை ஒட்டியது. அது வேரைத் தாக்கும் நூற்புழுக்களையும் மட்டுப்படுத்தும், ஆகவே மண்கலவையில் தொட்டிக்கு ஒரு கரண்டி சேர்ப்பது நல்லது. மல்லாட்டைப் புண்ணாக்கைத் தூளாக மண்மேல் தூவக் கூடாது. எறும்பும் எலியும் தேடி வரும். 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் ஊறவைத்து, துணியால் மூடி, கொல்லையில் ஐந்து நாள் வைத்து, தினமும் ஒருமுறை கலக்கிவிட வேண்டும். நாற்றம் கடுமையாக இருக்கும். வடிகட்டிப் பத்து மடங்கு நீர் சேர்த்து, தொட்டிக்கு 100 மில்லி ஊற்றினால், அதிகபட்சம் 0.035 கிராம் தழைச்சத்து சேரும். முன்பு சொன்ன தேக்கரண்டி யூரியாவில் அறுபது மடங்குக்கும் மேல் இருந்தது. நீர்த்த கரைசலை அன்றே தீர்த்துவிட வேண்டும். ஊற்றும்போது செடியை வெளியே தூக்கி வைத்து, ஒரு பகல் கழித்து உள்ளே கொண்டுவந்தால் வீட்டில் வாடை இராது.

அடுக்களையில் நேரடியாகக் கிடைக்கும் மற்றவற்றுள் சில மட்டுமே பயனுள்ளவை. டீத்தூளைப் பாலும் சர்க்கரையும் போகக் கழுவி, காயவைத்துப் பானையில் சேர்க்கலாம். முட்டை ஓடு ஏறத்தாழ முழுக்கச் சுண்ணாம்பு. மாவாக அரைத்தால்கூட மெல்லத்தான் கரையும், துண்டாகப் போட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். வாழைப்பழத் தோல் ஊறிய நீரில் சத்து கொஞ்சம், ஈ அதிகம். அரிசி களைந்த கழுநீர் மாட்டுத் தொட்டிக்கும் கொல்லைச் செடிக்கும் உரியது. அறைக்குள் அதன் மாவுச்சத்து புளித்துப் பூஞ்சையை வரவழைக்கும். விறகுச் சாம்பலில் சாம்பல் சத்து உண்டு, ஆனால் காரத்தன்மை மிகுதி. ஆறு மாதத்துக்கு ஒரு சிட்டிகை போதும். நிலக்கரிச் சாம்பல் வேறு வகை. அதில் போரானும் கன உலோகங்களும் இருக்கக்கூடும் என்பதால் தொட்டியில் சேர்க்கவே கூடாது. கடைகளில் கறுப்பு நீர்மமாக விற்கும் ஹியூமிக் அமிலமும் பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுக்கப்படுவதுதான்; முதிர்ந்த எருவில் அது இயல்பாகவே இருப்பதால் தனியே வாங்கத் தேவையில்லை.

இடும் அளவு தொட்டியைப் பொறுத்தும் மாறும். மெருகில்லாத மண்தொட்டியில் உப்பு மிகுந்தால் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் படிந்து எச்சரிக்கும். பீங்கான் தொட்டியில் அந்த அடையாளம் தெரியாது, ஈரமும் நெடுநேரம் தங்கும். ஆகவே பீங்கான் தொட்டிக்கு நீரையும் உரத்தையும் பாதியாகக் குறைக்க வேண்டும். அடியில் துளையில்லாத அழகுத் தொட்டியில் நேராகச் செடி வைக்காமல், துளையுள்ள சிறு தொட்டியில் வைத்து அதனுள் இறக்குவது சரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் குழாயடிக்குக் கொண்டுபோய், அடித்துளை வழியே நீர் தெளிவாக ஓடும் வரை ஊற்றினால் தங்கிய உப்பு கரைந்துபோகும்.

ஆறு அங்குலத் தொட்டிக்கு மாதம் ஒரு கைப்பிடி எரு, அதாவது ஏறக்குறைய 50 கிராம். மேல்மண்ணை விரலால் கிளறி, தண்டில் படாமல் ஓரமாக இட்டு மூடி, நீர் தெளிக்க வேண்டும். பாம்புக் கற்றாழை, சோற்றுக் கற்றாழை போன்ற மெதுவாக வளரும் செடிகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாள்களில் வெளிச்சம் குறைந்து வளர்ச்சி நிற்கும்போது எதுவும் இட வேண்டாம். நர்சரியிலிருந்து புதிதாக வாங்கிவந்த செடிக்கு அங்கே இட்ட உரமே மண்ணில் இருக்கும். முதல் இரண்டு மாதம் நீர் மட்டும் ஊற்றுங்கள்.

(தொடரும்)