புது மீனுக்குத் தனி டப்

கொளத்தூரில் வாங்கிய கோய் மீன், காற்றடைத்த பையில் மயிலாப்பூர் வந்து சேர்கிறது. பையை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிடுவார்கள். வம்பு அங்கேதான்: மீனோடு ஒட்டுண்ணியும் உள்ளே போய்விடும்.

துடுப்பில் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகளா? 'இக்' என்னும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். தோலுக்கடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து, பெருகி, நீந்தி வரும் பருவத்தில்தான் சாகும். ஒருநாள் வைத்தியம் பலிக்காதது அதனால்தான். சென்னை வெக்கையில் இந்தச் சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

மீன் பேன் கண்ணுக்கே தெரியும், தட்டையான சில்லுபோல. இடுக்கியால் எடுக்கலாம், முட்டைகளோ தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும்.

எனவே புது மீனுக்கு 3, 4 வாரம் தனி டப், குளோரின் நீக்கிய தண்ணீர், காற்று மோட்டார். 'இக்' தென்பட்டால் லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு. பெரிய தொட்டியில் உப்பைக் கொட்டினால் அங்குள்ள அல்லிச் செடிக்கும் ஆகாது. வலையும் தனியாக வேண்டும். பலர் கோட்டைவிடுவது அதில்தான்.