நமக்குப் பின் அந்தப் பிள்ளைக்கு யார்?

கடையை மூத்தவன் கவனித்துக்கொள்வான். மனவளர்ச்சி குன்றிய இளையவனை யார் கவனிப்பது? இந்தக் கவலை உள்ள குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இல்லத்தில் சேர்த்துப் பணத்தைக் கட்டிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது.

பிள்ளைக்கு 18 வயது நிரம்பியதும், பெற்றோரே இயல்பான காப்பாளர் என்ற நிலை சட்டப்படி முடிந்துவிடுகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்து காப்பாளரை நியமித்துக்கொள்ள வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் இச்சட்டம் பொருந்தும்.

காப்பாளர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும். நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் காட்ட வேண்டும். நமக்குப் பழகிய இருப்புக் கணக்குதான்! அவர் கவனிக்காமல் விட்டாலோ, சொத்தைக் கையாடினாலோ, உறவினர் முறையிட்டு நீக்கச் செய்யலாம்.

இல்லத்துக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவுச் சான்று உண்டா எனக் கேளுங்கள். சொல்லாமல் ஒருநாள் போய்ச் சமையலறை, படுக்கை, இரவுக் காவல் எல்லாவற்றையும் பாருங்கள். மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் அரிசி வாங்குவதில்லை நாம். பிள்ளை விஷயத்தில் மட்டும் பார்க்காமல் விடலாமா? நாம் திடமாக இருக்கும்போதே இந்த ஏற்பாட்டை முடித்துவிடுவோம்.