ராணியைத் தேடாதீர்கள், முட்டையைப் பாருங்கள்

முருங்கை, தென்னை, வேம்பு, புங்கன் என்று புதுச்சேரியிலும் சுற்றுக் கிராமங்களிலும் தேனீக்குப் பூப்பஞ்சம் இல்லை. ஆசையாகத் தோட்டத்தில் ஒரு பெட்டி வைப்பவர்கள், மூடியைத் திறந்ததும் முதலில் தேடுவது ராணித் தேனீயை. ஆயிரக்கணக்கான தேனீக்கள் உள்ள கூட்டத்தில் முட்டையிட்டுப் பெருக்குவது அது ஒன்றுதான் என்பதால், அந்தப் பதற்றம் நியாயமானதே. ஆனால் ஒவ்வொரு முறையும் ராணியைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை.

நம் ஊர்ப் பெட்டிகளுக்கு ஏற்றது இந்தியத் தேனீ. திருச்சி தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த பாதிரியார் நியூட்டன் 1910-களில் இதற்காக வடிவமைத்த சிறிய பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இந்தத் தேனீயின் ராணி கருமை கலந்த நிறம், வயிறு நீளம், இறக்கை பாதி வயிற்றைத்தான் மூடும். வெளிச்சம் பட்டால் அடையின் மறுபக்கத்துக்கு ஓடிவிடும். விடாமல் தேடித் தொல்லை கொடுத்தால் கூட்டமே பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடலாம்.

ஜெனிவாவைச் சேர்ந்த பிரான்சுவா யூபர் பார்வை இழந்தவர். உதவியாளர் பர்னன்ஸின் கண்களைக் கொண்டே தேனீக்களை ஆராய்ந்து, ராணி கூட்டுக்கு வெளியே பறந்து சென்று இணைகிறது என்று நிறுவினார். 1792-இல் பிரெஞ்சில் வெளியான அவருடைய நூல் தேனீ அறிவியலின் அடித்தளங்களில் ஒன்று. தானே பாராமலும் ராணியை அறியலாம் என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

நாம் படிக்க வேண்டிய தடயம் முட்டை. சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, வெயில் தோளுக்கு மேலாக அறைக்குள் விழும்படி, அடை கட்டியுள்ள சட்டத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். அறையின் அடியில் மெல்லிய வெண்ணிற முட்டை தெரியும். இட்ட அன்று செங்குத்தாக நிற்கும், மறுநாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும், பிறகு புழு வெளிவரும். அறைக்கு ஒன்றாக, அடியின் நடுவில் நிற்கும் முட்டையைக் கண்டால், ஒரு நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது. சட்டத்தை அப்படியே வைத்துப் பெட்டியை மூடலாம்.

ஒரே அறையில் பல முட்டைகள், அதுவும் சுவரில் ஒட்டிக் கிடந்தால் விஷயம் வேறு: ராணி இல்லாமல் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கியிருக்கலாம். அவற்றிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே வரும். அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போலத் தொங்கும் ராணி அறைகள் தெரிந்தால் கூட்டம் பிரியத் தயாராகிறது. அடையின் நடுவிலேயே அவசரமாகக் கட்டியிருந்தால் ராணியை இழந்திருக்கக்கூடும். மூடிய ஆண் தேனீ அறையின் உச்சியில் சிறு துளை இருந்தால் பயப்பட வேண்டாம். இந்தியத் தேனீக்கு அது இயல்பு.

கூட்டத்தைப் பிரிக்கவும் வயதான ராணியை மாற்றவும்தான் ராணியைக் கண்டே ஆக வேண்டும். அதற்காக அதன் முதுகில் புள்ளி வைப்பார்கள். உலகெங்கும் ஒரே முறை: ராணி பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம் 1, 6 என்றால் வெள்ளை, 2, 7 மஞ்சள், 3, 8 சிவப்பு, 4, 9 பச்சை, 5, 0 நீலம். நிறத்தைப் பார்த்தாலே ராணியின் வயது தெரிந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ குறைந்தால் ராணி முட்டையிடுவதும் குறையும். அப்போது முட்டை குறைவு என்று ராணி போய்விட்டதாக முடிவு கட்டாதீர்கள். மழை நாளில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். மற்ற நாட்களில் ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை, காற்றில்லாத காலை வேளையில், சில நிமிடங்கள் போதும். சட்டத்தை எப்போதும் பெட்டிக்கு மேலேயே பிடியுங்கள். ராணி தவறி விழுந்தாலும் கூட்டுக்குள்ளேயே விழும். முட்டை, புழு, ராணி அறை மூன்றையும் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பெட்டியை அடிக்கடி கலைக்காமல் கூட்டத்தைக் காப்பாற்ற அந்த நோட்டே போதும்.